கைமியாவுக்காக வளைந்த பாதை

மே மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை மேல்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. கொடியில் போட்ட படுக்கை விரிப்புகள் கீழே இறங்காமல் வேலிப் பக்கமாகவே பறந்துகொண்டிருந்தன. அந்தக் காற்றில்தான் மருத்துவமனையிலிருந்து ஷோனா என்கிற பெண் வந்து, அளவு டேப்பின் நுனியை வராந்தாப் படியில் வைத்து வெர்னாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநுனியை வாசல் கேட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போனாள். டேப் பாதி வழியில் பெரிய இலைக்கூட்டம் ஒன்றுக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டது.

"இது என்ன செடி வெர்னா? என்னை விட உயரமா நிக்குது!"

"செடியா அது? பூதம். கைமியா அல்லி. நீ எந்த ஊரு?"

"டாஸ்மேனியா."

"அதான் தெரியல. இங்க ரயில் பாதையோரம் போனா ஆயிரம் நிக்கும். அதெல்லாம் யாரும் தண்ணி ஊத்தாமலே பூக்குது. எங்க வீட்டுல இருக்கிறதுக்குத்தான் பன்னெண்டு வருஷமா ராஜ உபசாரம். ஒரு பூ கிடையாது."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடச் சந்தையில் வெர்னாவின் புருஷன் லெஸ் ஸ்கெல்லி அதை வாங்கி வந்தபோது, பூண்டுத்தாள் மாதிரி நாலே இலை இருந்தது. வெர்னா டாலியாப் பூ வைக்கலாம் என்று கொத்திப் போட்டிருந்த இடத்தில், அவள் ரொட்டிக்கடை வேலையிலிருந்து திரும்புவதற்குள் நட்டுவிட்டான். அது வேரை உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டு பூமியில் புதைந்தது. இலைகள் வாள் வாளாக இரண்டு மீட்டருக்கு எழும்பின. சூடு பட்டால் பூக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு லெஸ் ஒரு வருஷம் நடுவில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தினான். வேலியில் இரண்டு பலகை கருகியதுதான் மிச்சம். கல்லைத் தூக்கிக் குருத்தின் மேல் வைத்தால் ரோஷம் வந்து பூக்கும் என்று இன்னொருவன் சொன்னான். அதையும் செய்தான். கல் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தது. செடிக்கு ரோஷம் வரவில்லை.

ஷோனா டேப்பை விடுவித்து எழுந்தாள். "வராந்தா தரையிலிருந்து அறுபது சென்டிமீட்டர். ஒரு பங்கு உயரத்துக்குப் பதினாலு பங்கு நீளம்னா, சக்கர நாற்காலி ஏற எட்டரை மீட்டர் ராம்ப் வேணும். நேரா கேட் வரைக்கும் சரியா வருது. ஆனா இது நடுவுல நிக்குதே."

"எடுத்துட்டாப் போச்சு," என்றாள் வெர்னா. சொல்லும்போதே மனசுக்குள் டாலியாக்கள் வந்துபோயின. அதற்காக அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஷோனா உடனே போகவில்லை. காகிதங்களை அட்டையில் செருகிக்கொண்டே, "அடுத்த வாரம் வெள்ளிக்குள்ள ராம்ப் ஆகணும். ஆகலன்னா ஆஸ்பத்திரியில லெஸ்ஸோட படுக்கையை வேற ஆளுக்குக் கொடுப்பாங்க, அவரைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாத்துவாங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரே அங்க போறேன்னு சொல்லிட்டிருக்காரு வெர்னா. உங்ககிட்டச் சொன்னாரா?"

வெர்னாவின் கையிலிருந்த டேப் நுனி 'சர்'ரென்று சுருண்டு ஓடிப் பெட்டிக்குள் விழுந்தது.

*

லெஸ்ஸுக்கு அறுபத்து நாலு வயது. முப்பத்தொரு வருஷம் ஊருக்குக் கீழே நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன். சர்க்கரை கண்டு, கால்விரலில் வந்த புண்ணை யாரிடமும் காட்டாமல் சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு திரிந்ததில், வலது கால் முட்டிக்கு மேலே போய்விட்டது. இடது பாதமும் ஊன்றுகிற நிலையில் இல்லை. சக்கர நாற்காலிதான் இனி.

செவ்வாய்க்கிழமை வெர்னா ரயிலில் மலையிறங்கி மருத்துவமனைக்குப் போனாள். டப்பாவில் ஸ்கோன் என்கிற பூசணி ரொட்டி. வெண்ணெய் தடவவில்லை, சர்க்கரையும் போடவில்லை. அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தான்.

"ஷோனா வந்திருந்தா," என்றாள்.

"ம்."

"இல்லத்துக்குப் போறியாமே. எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"உனக்கு அறுபத்தொண்ணு. தோள்பட்டை சரியில்ல. என்னைத் தூக்கிக் குளிக்க வைக்க உன்னால ஆகாது. இதுல பேச என்ன இருக்கு?"

"ஆகுமா ஆகாதான்னு எந்தோள்கிட்டக் கேட்டியா?"

"கேக்க வேண்டியதில்ல. கண்ணுக்குத் தெரியுது." ஸ்கோன் ஒன்றை எடுத்துக் கடித்தான். "வெறும் மண்ணு."

"மாவு. சர்க்கரை போடக் கூடாதுன்னுட்டாங்க."

"அதையும் எடுத்துட்டாங்களா!"

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதோடு விட்டிருப்பாள். விடாமல், எப்படியாவது அவனை உசுப்ப வேண்டும் என்று, பன்னிரண்டு வருஷமாகச் சண்டைக்கு வைத்திருந்த விஷயத்தை எடுத்தாள்.

"ராம்ப் போடறதுக்குக் கைமியா குறுக்க நிக்குது. வெட்டப் போறேன்."

குதிப்பான், கத்துவான், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ஏதாவது சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவன் கம்பளியில் உதிர்ந்த துகளைத் தட்டிவிட்டான்.

"வெட்டு. பூக்காததை வச்சுக்கிட்டு என்ன பண்றது."

ரயில் திரும்ப மலையேறும்போது பாதையோரத்துக் கைமியாக்கள் கூட்டம் கூட்டமாகக் கடந்துபோயின. வெர்னா அவற்றைப் பார்க்கவில்லை. காலை எடுத்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

*

புதன்கிழமை காலை குந்தாலியையும் கைரம்பத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். லெஸ்ஸின் பழைய சுரங்கச் சட்டையை மேலே போட்டுக்கொண்டாள். கிளெம் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் இலையையாவது கழித்துவிடலாம் என்று நினைத்தாள்.

லெஸ்ஸோடு ஒரே அணியில் சுரங்கத்தில் முட்டுக்கட்டை நட்டுக் கூரை தாங்கியவன் கிளெம். அவன் நட்ட கட்டையின் கீழே தூங்கலாம் என்பார்கள். இப்போது ஓய்வில் ஊருக்கெல்லாம் கோழிக்கூண்டும் கொட்டகையும் அடித்துத் தருகிறான். அவன் அம்மா இந்த ஆஸ்திரேலியக் கடற்கரையின் பூர்வகுடியான தாராவல் வழி. அப்பா ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்.

இலை ஒவ்வொன்றும் நார் நாராக ரம்பத்தைப் பிடித்துக்கொண்டது. வேலிப் பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று. அறுக்க அறுக்கக் கோபம் கூடியது. செடி மேல் பாதி, லெஸ் மேல் பாதி. 'வெட்டு'ன்னு சொல்லிட்டானே. எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டான். இலைகளின் அடியில் பன்னிரண்டு வருஷத்துக் குப்பை மக்கிக் கிடந்தது. துணிக் கிளிப் ஒன்று, டென்னிஸ் பந்து ஒன்று, அவள் தேடித் தேடி அலுத்துப்போன சின்னக் களைக்கொத்து.

இருபத்தோராவது இலையை மடக்கிப் பிடித்து அதன் கழுத்தில் ரம்பத்தை வைத்தபோது உள்ளே குருத்து தெரிந்தது. நடுவில் இலையல்லாத ஏதோ ஒன்று நின்றது. கை மணிக்கட்டுப் பருமன். மேலே கூம்பி, சிவப்பும் பழுப்புமாகச் செதில் மூடி, பொத்திய கைமுட்டி மாதிரி.

வெர்னா ரம்பத்தை எடுத்தாள். தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்து, கெட்டியாக, ஈரமாக இருந்தது. அப்படியே அறுத்துப் போட்ட இலைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கிளெம் வந்து கேட்டைத் திறந்தபோது அவள் அங்கேயேதான் இருந்தாள்.

"என்ன வெர்னா, விழுந்துட்டியா?"

"கிளெம், இங்க வா. இது என்னன்னு சொல்லு."

அவன் குனிந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். "அடப்பாவி! தண்டு விட்டிருச்சு!"

"நிஜமாவா?"

"பின்ன? இன்னும் ஒரு முழம் வந்தா எங்கம்மா ஆளுங்க வெட்டி நெருப்புல சுட்டுத் தின்னுருவாங்க. சமையலுக்கு வேணும்னா சொல்லு, ஆட்டு விலாவோட நல்லாருக்கும்."

"வாயை மூடு. பூ எப்ப வரும்?"

"அவசரப்படாது இது. அது பாட்டுக்கு அஞ்சு மீட்டர் போவும். வசந்தத்துல, அக்டோபர்லதான் விரியும்." கிளெம் அறுபட்ட இலைகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "சரி. இப்ப என்ன செய்யச் சொல்றே? தோண்டணுமா?"

தோண்டி வேறிடத்தில் வைத்தால் வேர் அறுந்து தண்டு கருகிவிடும். அது அவளுக்கே தெரியும். நேராகப் போகாவிட்டால் ராம்ப் வெள்ளிக்குள் முடியுமா என்பது தெரியாது. முடியாமல் போனால் லெஸ் இல்லத்துக்குப் போவான். ஒரு பூவை நம்பி மனுஷனை விடுவதா என்று மனசு கேட்டது. எதையும் நம்பாமல் படுத்திருக்கிற மனுஷனை எதைக் காட்டி எழுப்புவது என்றும் அதே மனசு கேட்டது.

"வளைச்சுப் போட முடியுமா?"

கிளெம் வராந்தாவிலிருந்து கேட் வரை கண்ணாலேயே நடந்தான். "நாலு மீட்டர் நேரா. அங்க ஒரு மேடை, நாற்காலி திரும்ப. அப்புறம் வேலியை ஒட்டி இறங்கணும். மரம் பிரச்சினையில்ல, பிரிச்ச கொட்டகையோட கட்டை எங்கிட்டக் கிடக்கு. ஆனா வேலிப் பக்கம் பாறை. கால் நட முடியாது."

"நீ பாறையையே பாத்ததில்லையாக்கும்? முப்பது வருஷம் பஞ்சுக்குள்ளயா வேலை பாத்தே?"

கிளெம் தொப்பியைத் திரும்ப மாட்டினான். "கடப்பாரை எங்க இருக்கு?"

*

வியாழக்கிழமை அவள் மருத்துவமனைக்குப் போய்க் கதவருகே நின்றே சொன்னாள்.

"லெஸ், கைமியா தண்டு விட்டிருக்கு."

அவன் தலையைத் திருப்பி அவளை நன்றாகப் பார்த்தான். இரண்டு வாரத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பொய்."

"பொய்யா?"

"என்னை வீட்டுக்கு இழுக்கப் பாக்கறே. பன்னெண்டு வருஷமா வராதது நான் காலை இழந்த மாசத்துல வந்திருச்சாக்கும்? கதை நல்லாருக்கு."

"கிளெம் பாத்தான். அவனைக் கேளு."

"கிளெம்முக்கு ரெண்டு ஸ்கோன் குடுத்தா சுரங்கத்துல திமிங்கிலத்தைப் பாத்தேன்னு சத்தியம் பண்ணுவான்."

"அப்ப எம்மேல நம்பிக்கையில்ல?"

"இந்த விஷயத்துல இல்ல. அந்தச் செடியைக் கண்டாலே உனக்கு ஆகாது. இப்ப நீயே வந்து பூக்குதுங்கறே." சற்று நிறுத்தி, "எவ்வளவு பெருசு?" என்றான்.

"பொய்யோட அளவு உனக்கு எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"சொல்ல மாட்டேன். வந்து பாத்துக்கோ. பொய்யா இருந்தா அன்னைக்கே அந்த இல்லத்துக்கு நானே உன்னைத் தள்ளிட்டுப் போறேன்."

பக்கத்துப் படுக்கையில் இடுப்பு முறிந்து கிடந்த கிழவர் ஒருவர், "போய்ப் பாத்துட்டு வாப்பா, எனக்கும் தெரியணும்," என்றார்.

"நீ தூங்குய்யா," என்றான் லெஸ். ஆனால் அன்று மாலை இல்லத்துக்குப் போகக் கையெழுத்துக் கேட்டு வந்த காகிதத்தை, 'அடுத்த வார வெள்ளிக்கு அப்புறம் பாக்கலாம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். அந்தச் செய்தியை ஷோனாதான் வெர்னாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

*

மறுநாள் தென்காற்று திரும்பியது. கடலிலிருந்து மூடுபனி மலை விளிம்பேறி வந்து தெருவை விழுங்கியது. அதற்குப் பின்னால் மழை. கிளெம்மும், சுரங்கத்தில் கூட இருந்த இரண்டு பேரும் மழைச் சட்டையோடு பாறையைக் குத்தினார்கள். மஞ்சள் மணற்பாறை. மேலே சோளரொட்டி மாதிரி பொடிந்துவரும். ஒரு சாண் இறங்கினால் கடப்பாரை திரும்பிக் கையை உதறும். வெர்னா மண்ணை அள்ளினாள், குழியில் தேங்கிய தண்ணீரை டப்பாவால் இறைத்தாள், இடையிடையே ஓடிப்போய் உப்பிறைச்சிச் சாண்ட்விச்சும் கொதிக்கக் கொதிக்கத் தேநீரும் கொண்டுவந்தாள். கைமியாவின் தண்டில் மண் தெறிக்காமல் ஒரு பழைய வாளியைக் கவிழ்த்து மூடியிருந்தாள்.

"புருஷனுக்கு இவ்வளவு செஞ்சிருப்பியா?" என்றான் கிளெம்.

"புருஷன் மேல வாளியைக் கவுக்கணும்னு பல தடவை நெனச்சிருக்கேன்."

ஞாயிறு கால்கள் நின்றன. செவ்வாய்க்குள் சட்டமும் பலகையும் ஏறின. கிளெம் ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தான். வியாழக்கிழமை காலை ஷோனா வந்தபோது வளைவைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் வரைஞ்சு கொடுத்தது இது இல்லையே."

"இது அதை விட நல்லது," என்றான் கிளெம்.

அவள் டேப்பை எடுத்தாள். சரிவு சரியாக இருந்தது. கைப்பிடி சரியாக இருந்தது. மேடையில் டேப்பைக் குறுக்கே போட்டவள் உதட்டைக் கடித்தாள். "ஒண்ணு நாப்பது. ஒண்ணரை மீட்டர் இருக்கணும். நாற்காலி திரும்பும்போது சக்கரம் இடிக்கும். நான் கையெழுத்துப் போட முடியாது வெர்னா."

பத்து சென்டிமீட்டர். கைமியாப் பக்கம் நீட்டினால் தண்டு போகும். வேலிப் பக்கம் நீட்டினால் இரண்டு காலைப் பிடுங்கி மறுபடி பாறையைக் குத்த வேண்டும்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி வருது?" என்றான் கிளெம்.

"மத்தியானம் ரெண்டு."

"ஒண்ணரைக்கு வந்து அளந்து பாரு."

ஷோனா அவனையும் வெர்னாவையும் அந்தக் கவிழ்த்த வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதுக்குள்ள என்ன இருக்கு?"

வெர்னா வாளியைத் தூக்கிக் காட்டினாள். ஒரு வாரத்தில் தண்டு முழங்கை நீளத்துக்கு வந்திருந்தது. ஷோனா அங்கேயே கோட்டைக் கழற்றிக் கைப்பிடியில் போட்டாள். "மதியம் வரைக்கும் நான் பாக்க வேண்டிய வேற வீடு இல்ல. கடப்பாரை ஒண்ணு குடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கு டேப் ஒன்று ஐம்பத்திரண்டு காட்டியது.

*

வண்டியிலிருந்து இறக்கப்பட்ட லெஸ் சாய்தளத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஆட்டுமந்தை ஓட்டறதுக்கா?" என்றான். கிளெம் பின்னாலிருந்து தள்ளினான். மேடைக்கு வந்ததும் நிறுத்தினான். வெர்னா வேலிப் பக்கம் அறுத்திருந்த இருபது இலைகளின் இடத்தில் நேராக உள்ளே பார்க்க ஒரு வழி திறந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவனின் கண்மட்டத்துக்குக் கீழே தண்டு நின்றது.

லெஸ் கையை நீட்டிச் செதிலைத் தொட்டான். பிறகு அறுபட்ட இலைத் தண்டுகளைத் தடவினான்.

"இதை எவன் இப்படிக் குதறினான்?"

"நான்தான். நீதானே வெட்டச் சொன்னே."

"சொன்னா வெட்டிருவியா?" என்றான் லெஸ். வெர்னா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கிளெம் ரசமட்டத்தைத் தேடுகிறவன் போலக் கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

அதற்கப்புறம் எல்லாம் நல்லபடி நடந்துவிடவில்லை. ஜூனில் அவன் குளியலறையில் சரிந்து விழுந்து, வெர்னாவால் தூக்க முடியாமல், கிளெம் வரும்வரை இரண்டு பேரும் ஈரத் தரையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் குளிக்க வைக்க ஒரு தாதி வந்தாள். இல்லாத காலின் விரல் வலிக்கிறது என்று தட்டை எறிந்த நாட்களும் உண்டு. காலையில் மேடைக்கு வந்து தண்டைப் பார்ப்பான். எத்தனை விரல்கடை வளர்ந்தது என்று சொல்வான். ஆனால் மேடையைத் தாண்டி இறங்க மாட்டான். சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடத்துக்குக் கூப்பிட்டார்கள், கிளெம் மீன்பிடிக்கக் கூப்பிட்டான். "மேலேருந்து எல்லாரும் என் உச்சந்தலையைப் பாத்துப் பேசுவானுங்க. வேண்டாம்," என்பதோடு சரி. வெர்னா வற்புறுத்தவில்லை. அவள் மறுபடி ரொட்டிக்கடைக்குக் காலை வேளை மட்டும் போக ஆரம்பித்தாள்.

ஆகஸ்டில் தண்டு வராந்தாக் கூரையைத் தாண்டியது. செப்டம்பர் கடைசியில் உச்சி பருத்து, பானை மாதிரி உருண்டது. அக்டோபரில் ஒரு வெயில் நாள் காலை, வேலை முடிந்து வந்த வெர்னா தெருமுனையிலிருந்தே அதைக் கண்டாள். வீட்டுக் கூரைக்கு மேலே ரத்தச் சிவப்பாகக் கொத்து விரிந்திருந்தது. கிளிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. தேன்குருவிகள் கிளிகளைத் திட்டின.

லெஸ் மேடையில் நாற்காலியில் இருந்தான். முகத்தை அண்ணாந்து, கையைக் கண்ணுக்கு மேல் மறைத்து, இப்படியும் அப்படியும் சாய்ந்தான்.

"பூத்திருச்சு லெஸ்!"

"சத்தம் கேக்குது. பூ எங்க தெரியுது? இங்கருந்து பாத்தா வெறும் தண்டு, அதுக்கு மேல கிளியோட பின்பக்கம். தேன் வேற சொட்டுது மண்டையில." அவன் சட்டைத் தோளில் பிசுபிசுவென்று ஒரு கறை. "உனக்கு எங்கருந்து தெரிஞ்சுது?"

"தெருவுலேருந்து."

லெஸ் பிரேக்கைத் தளர்த்தினான். சக்கரத்தைப் பிடித்து மேடையில் மெதுவாகத் திரும்பினான். எங்கும் இடிக்கவில்லை. வேலியை ஒட்டி இறங்கினான். வெர்னா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டைத் திறந்து பிடித்தாள். அவன் தெருவுக்கு வந்து, தெருவைக் கடந்து, எதிர்ப்புறப் புல் விளிம்பில் பின்பக்கமாகப் போய் நின்று அண்ணாந்தான்.

வாயைத் திறந்தவன் மூடவில்லை.

பால் வாங்கப் போன எதிர்வீட்டுக்காரி அவன் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்தாள். ரொட்டி வண்டிக்காரன் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கி அண்ணாந்தான். லெஸ்ஸின் உச்சந்தலையை யாரும் பார்க்கவில்லை.

"உங்களுதா லெஸ்? என்ன போட்டீங்க?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஒண்ணும் போடல. எம்பொண்டாட்டி ரம்பத்தை எடுத்துக்கிட்டுப் போனா. பயந்து பூத்திருச்சு."

அவர்கள் சிரித்தார்கள். வெர்னா உள்ளே போய் இரண்டு குவளைத் தேநீரோடு வந்தபோது லெஸ் புல் விளிம்பில் இல்லை. இருபது கெஜம் தள்ளித் தபால்பெட்டியருகே நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, பூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லெஸ், டீ ஆறுது!"

"கொண்டா இங்க. இங்கருந்து இன்னும் நல்லாருக்கு. மூலைக்குப் போனா ரயில் மேட்டோட சேத்துத் தெரியும்னு நெனைக்கிறேன். கிளெம் வீட்டு வாசல்லேருந்து தெரியுதான்னும் பாக்கணும்."

சொல்லிக்கொண்டே சக்கரத்தை உந்தினான். தெரு அங்கே சமதளம். இரு கையிலும் தளும்பும் குவளைகளோடு வெர்னா பின்னால் நடந்தாள். நாற்காலியைத் தள்ள அவளுக்குக் கை இல்லை. தேவைப்படவும் இல்லை.